ஜோடி போட்டுக் கற்பிக்கும் ஆங்கிலம்

பெங்களூரில் 'சைட்' என்றால் வீட்டுமனை. பெங்களூர் வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ. ஒதுக்கிய 30-க்கு 40 அடி சைட் ஒன்று கையில் இருந்தால் அந்தக் குடும்பத்தின் மதிப்பே வேறு. கட்டட மேஸ்திரிக்கு சைட் என்பது தினமும் போய் நிற்கும் வேலையிடம். ஐ.டி. ஊழியருக்கு அது ஓர் இணையதளமாக இருக்கலாம், கடல் கடந்த வாடிக்கையாளரின் அலுவலகமாகவும் இருக்கலாம். கல்லூரி வாசலில் பையன்கள் அடிக்கும் 'சைட்' தனி. அதற்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலும் தனி. ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பையன் இத்தனை சைட்டையும் ஒரே மூச்சில் பேசுவான். கேட்பவர் யாரும் குழம்பியதில்லை.

அதே பையன் வங்கித் தேர்வுக்கென்று ஒரு பயிற்சி மையத்தில் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் மூன்று சொற்கள் எழுதப்படுகின்றன: இடத்துக்கு ஒன்று, பார்வைக்கு ஒன்று, மேற்கோள் காட்டுவதற்கு ஒன்று. மூன்றுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். மூன்றாவதை அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறான். அதுவரை அவனுக்குத் தெளிவாக இருந்த முதல் இரண்டும் அன்றைக்கு ஆட்டம் காண்கின்றன. குழப்பத்தைத் தீர்க்க வந்த பாடமே குழப்பத்தைத் தொடங்கிவைக்கிறது.

அடிக்கடி குழம்பும் ஆங்கிலச் சொற்களை ஜோடி ஜோடியாக அடுக்கி, வேறுபாட்டை மனப்பாடம் செய்யவைக்கும் இந்த முறை நம்மிடம் எங்கும் பரவியிருக்கிறது. பள்ளி நோட்ஸில் இருக்கிறது, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இருக்கிறது, மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வுப் பாடத்திட்டத்தில் ஒலியொப்புச் சொற்களுக்கும் இடம் இருக்கிறது. ஐ.டி. நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மின்னஞ்சல் எழுதக் கற்றுத்தரும் வகுப்புகளிலும் இதே தாள்தான் கைமாறுகிறது. இவ்வளவு காலம் ஒரு முறை நிலைத்திருக்கிறது என்றால் அதில் பலன் இல்லாமல் இருக்காது. முதலில் பலனைப் பார்ப்போம்.

நம் ஊர்ப் பேனா, நோட்டுக் கடைகளின் பெயர்ப்பலகைகளை நின்று படித்துப் பாருங்கள். 'ஸ்டேஷனரி' என்ற சொல்லின் கடைசியில் 'ஈ' வர வேண்டிய இடத்தில் பல பலகைகளில் 'ஏ' இருக்கும். அந்தச் சொல்லுக்கு அசையாமல் நிற்பது என்று பொருள். கடை நகராமல்தான் நிற்கிறது என்பதால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. இங்கே பட்டியல் தரும் சூத்திரம் ஒரே வரி: என்வலப் என்ற உறைக்கு முதலெழுத்து 'ஈ', ஆகவே உறை விற்கும் கடைக்கும் 'ஈ'. ஒருமுறை கேட்டவருக்கு அது ஆயுளுக்கும் மறக்காது. கல்லூரி முதல்வரையும் கொள்கையையும் குறிக்கும் இரண்டு 'பிரின்சிபல்'களுக்கும் இப்படி ஒரு குறிப்பு உண்டு. முதல்வர் உன் தோழன், ஆகவே அவர் சொல்லின் வாலில் தோழனைக் குறிக்கும் 'பால்' இருக்கும் என்பார்கள். முதல்வரைத் தோழனாகக் கண்ட மாணவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். குறிப்பு வேலை செய்கிறது.

இவை ஏன் வேலை செய்கின்றன என்று கவனித்தால் ஒன்று தெரியும். இரண்டுமே ஜோடியில் ஒரு சொல்லுக்கு மட்டும் கொக்கி மாட்டுகின்றன. மற்றது தானாக ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கொக்கி கொடுத்தால் எந்தக் கொக்கி எதற்கு என்பதே அடுத்த மனப்பாடமாகிவிடும். பட்டியல் தயாரிப்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. பக்கம் நிறைய வேண்டும் என்பதற்காக இரண்டு பக்கமும் சூத்திரம் எழுதுகிறார்கள்.

இன்னொரு பலனும் உண்டு. கணினியின் பழைய எழுத்துப்பிழைத் திருத்தி இந்த வகைத் தவறைப் பிடிக்காது. 'தரவை இழந்துவிடுவோம்' என்று எழுத வந்தவர் ஓர் 'ஓ'வைக் கூடுதலாகத் தட்டினால் இழப்பது தளர்வாகிவிடும். ஆனால் அதுவும் அகராதியில் உள்ள சொல்லாயிற்றே, அடியில் சிவப்புக்கோடு விழாது. அனுப்பும் முன் தன் கண்ணால் பார்த்துத் திருத்துகிறவருக்குப் பட்டியல் உதவும். இந்த 'திருத்துகிறவருக்கு' என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தமிழில் நாம் படித்த மயங்கொலிச் சொற்களை நினைத்துக்கொள்ளுங்கள். வலி, வழி, வளி, கரி, கறி, மனம், மணம். வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' என்று சொல்கிறவர்கூட வலிக்கும் வழிக்கும் பொருளைக் குழப்புவதில்லை. எழுதும்போது மட்டும் தவறுவார். அவருக்கு இரண்டு சொல்லும் பேச்சில் உயிரோடு இருக்கின்றன, எழுத்து மட்டும் சறுக்குகிறது. அவருக்குப் பட்டியல் நல்ல மருந்து. ஆனால் காற்றைக் குறிக்கும் 'வளி'யை எந்தக் குழந்தையும் வீட்டில் கேட்டதில்லை. அது பாடப்புத்தகத்தில் முதல் முறையாக, வலிக்கும் வழிக்கும் நடுவில்தான் அறிமுகமாகிறது. தேர்வில் தவற வாய்ப்பு அதிகம் இருப்பதும் அதில்தான்.

ஆகக் குழப்பம் இரண்டு வகை. சொல் தெரிந்து எழுத்து சறுக்குவது ஒன்று. சொல்லே சரியாகத் தெரியாமல் தடுமாறுவது இன்னொன்று. ஆங்கிலத்தில் இந்த ஜோடிப் பட்டியல் முதல் வகைக்காரர்களுக்காக வளர்ந்தது. ஹென்றி ஃபவுலர் 1926இல் வெளியிட்ட ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் இப்படிக் குழம்பும் இணைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அவர் மனதில் வைத்திருந்த வாசகர் தாய்மொழியாக ஆங்கிலம் பேசிய, அரைகுறையாகப் படித்த, எழுத்தில் நாட்டமுள்ள ஆங்கிலேயர். அந்தச் சரக்கை நாம் அப்படியே இறக்குமதி செய்து, சொல்லே தெரியாத பிள்ளைக்கு முதல் பாடமாக வைக்கிறோம்.

முதல் பாடமாக வைத்தால் என்ன ஆகும் என்பதை ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். தாமஸ் டிங்க்கம் 1993இலும், ஜப்பானிய மாணவர்களை வைத்து ராப் வேரிங் 1997இலும் செய்த சோதனைகளில், பொருளில் ஒன்றோடொன்று நெருங்கிய புதுச் சொற்களைச் சேர்த்துக் கற்றவர்களுக்குத் தொடர்பில்லாத சொற்களைக் கற்றவர்களைவிட அதிக நேரம் பிடித்தது. நியூஸிலாந்தின் பால் நேஷன் இதை எடுத்துச் சொல்லி, ஒத்த சொற்களையும் எதிர்ச்சொற்களையும் முதல் அறிமுகத்திலேயே ஒன்றாக வைக்காதீர்கள் என்று ஆசிரியர்களை எச்சரித்தார். வடிவத்தில் ஒத்திருக்கும் சொற்கள் கற்பவரை எப்படியெல்லாம் ஏமாற்றுகின்றன என்பதை இஸ்ரேலைச் சேர்ந்த பாட்டியா லாஃபர் தனியாக ஆராய்ந்தார். வடிவும் பொருளும் சேர்ந்து நெருங்கும் இடத்தில், அதாவது 'அஃபெக்ட்–எஃபெக்ட்' போன்ற ஜோடிகளில், சிக்கல் இரட்டிப்பாகும் என்று நான் ஊகிக்கிறேன். நம் பாடப்புத்தகங்களைத் தயாரிப்பவர்கள் இந்த எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது பழுது, பட்டியல் யாருடைய காதுக்கு எழுதப்பட்டது என்பது. குழம்பு போன்ற 'சாஸ்', மூலம் என்ற 'சோர்ஸ்' இரண்டும் லண்டன்காரர் வாயில் ஒன்றுபோல ஒலிக்கும், ஏனென்றால் அவர் அந்த 'ர்' ஒலியை விழுங்கிவிடுவார். அவருக்கு இது உண்மையான தொல்லை. நாம் 'ர்' ஒலியை விழுங்குகிறவர்கள் இல்லை. சாஸும் சோர்ஸும் நம் காதில் முட்டிக்கொள்வதே கிடையாது. தந்தையைக் குறிக்கும் 'ஃபாதர்', தொலைவைக் குறிக்கும் 'ஃபார்தர்' கதையும் அதேதான். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இருக்கிற நோய்க்கு மருந்து இல்லை. தமிழில் 'எஸ்', 'இசட்' இரண்டுக்கும் ஒலி வேறுபாடு கிடையாது. ஆகவே விலையும் பரிசும் நமக்கு ஒரே 'பிரைஸ்'. ஆங்கிலேயர் காதுக்கு இவை தெளிவாகவே வேறு வேறு. அறிவுரை என்ற பெயர்ச்சொல்லும் அறிவுரை கூறு என்ற வினையும் அவருக்கு ஒலியிலேயே பிரிந்துவிடும், நமக்குப் பிரியாது. அதுபோல திராட்சைக் கொடியும் திராட்சை மதுவும் நமக்கு ஒரே 'வைன்', முதுகும் பையும் எழுத்தில் ஒரே 'பேக்'. சந்தையில் விற்கும் பட்டியல்களில் அறிவுரை ஜோடி இருக்கும். மற்ற மூன்றும் அநேகமாக இருக்காது, அதை எழுதியவருக்கு அவை குழப்பமாகத் தோன்றியிருக்க நியாயமில்லை.

சூத்திரங்கள் அளவுக்கு மீறி நேர்த்தியாக இருப்பதும் ஒரு குறை. 'அஃபெக்ட்' வினை, 'எஃபெக்ட்' பெயர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறோம். நிம்ஹான்ஸில் மனநல மருத்துவம் படிக்கும் மாணவர் நோயாளியின் நிலையை எழுதும்போது 'அஃபெக்ட்' ஒரு பெயர்ச்சொல். முகத்திலும் குரலிலும் வெளிப்படும் உணர்வு நிலையை அது குறிக்கிறது. மாற்றத்தை நிகழ்த்து என்ற பொருளில் 'எஃபெக்ட்' வினையாகவும் வரும். ஓட்டுநர் உரிமத்தைக் குறிக்கும் 'லைசென்ஸ்' இன்னும் வேடிக்கை. பிரிட்டிஷ் முறையில் பெயருக்கு 'சி', வினைக்கு 'எஸ்' என்று பள்ளியில் அடித்துச் சொல்லியிருப்பார்கள். அமெரிக்க வழக்கில் இரண்டுக்கும் 'எஸ்'தான். ஒயிட்ஃபீல்டில் அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை பார்க்கும் பொறியாளர் பள்ளிப் பாடத்தை நம்பித் திருத்தினால், சரியாக இருந்ததைத் தவறாக்கிவிடுவார்.

பட்டியல் முறைக்கு நேர்மாறான வழி ஒன்றும் இதே ஊரில் சோதிக்கப்பட்டது. தென்னிந்திய ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி தருவதற்கென்று 1963இல் தொடங்கப்பட்ட வட்டார ஆங்கில நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. இந்த நிறுவனத்தின் துணையோடு, அப்போது சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை ஒரு திட்டத்தை நடத்தினார். மொழிக் கல்வி உலகம் அதை 'பெங்களூர்த் திட்டம்' என்றே அழைக்கிறது, வகுப்புகளில் சில சென்னையிலும் நடந்திருந்தாலும். இலக்கணப் பாடம் கிடையாது, சொற்பட்டியல் கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த வண்டியைப் பிடித்தால் அந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்று கணக்குப் போடச் சொல்வார்கள், வரைபடத்தில் வழி கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கவனம் பொருளில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது பிரபுவின் நம்பிக்கை. சைட் விஷயத்தில் நடப்பதும் அதுதான்.

ஆனால் அதையும் கொண்டாடித் தீர்த்துவிட முடியாது. திட்டத்தை மதிப்பிட்ட ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் 1985இல் எழுதியதன்படி, திட்ட வகுப்புகள், வழக்கமான வகுப்புகள் என ஒவ்வொரு தரப்பும் தான் பழகிய பாணித் தேர்வில் மேலாக நின்றது, எந்தப் பக்கமும் சாராத தேர்வுகள் சிலவற்றில் திட்ட வகுப்புகள் முந்தின. சாதாரணப் பள்ளி ஆசிரியர்கள் பலரால் இந்த முறையை முழுதாக உள்வாங்க முடியவில்லை என்பதையும் பெரெட்டா பின்னர் பதிவு செய்தார். நம் விஷயத்துக்கு வந்தால் குறை இன்னும் தெளிவு. ஒலியொப்புச் சொற்களில் எழுத்துக்கூட்டல், பொருளில் மட்டும் கண் வைத்திருப்பவனுக்கு ஒட்டாது. ரயில் நேரம் சரியாகச் சொல்வான், பெயர்ப்பலகையில் 'ஏ' போட்டுவிடுவான்.

இவ்விரண்டுக்கும் நடுவே எந்தப் பக்கம் சாய்வது? கணினி இந்தச் சொற்களைக் கற்ற வரலாறு ஒரு துப்புத் தருகிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் மிஷேல் பாங்கோவும் எரிக் பிரில்லும் 2001இல் இதே வகைக் குழப்ப ஜோடிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எந்தச் சொல் எங்கே வரும் என்று கணிக்க இயந்திரத்துக்கு 100 கோடி சொற்கள் வரை பாடத்தைக் கொடுத்தார்கள். கணக்கு முறையை மெருகேற்றியதைவிட, படிக்கக் கொடுத்த பாடத்தைப் பெருக்கியதுதான் அதிகப் பலன் தந்தது. அந்த இயந்திரத்துக்கு யாரும் தோழன் கதை சொல்லவில்லை. பக்கத்தில் என்னென்ன சொற்கள் வருகின்றன என்பதைப் பார்த்தே அது பிரித்தது. 100 கோடி சொற்களை மனிதப் பிள்ளை படிக்க முடியாதுதான், ஆனால் தனிச் சொல்லைவிட அதன் அக்கம்பக்கம் அதிகம் கற்பிக்கும் என்பது அவனுக்கும் பொருந்தும்.

ஆகவே என் கட்சி இது: ஜோடியை முதலில் பிரித்துவைக்க வேண்டும். ஒன்றை அதன் வாக்கியங்களோடு நன்கு பழகவிட்டு, சில வாரம் கழித்து மற்றதை அறிமுகப்படுத்தி, கையெழுத்துப் படியைத் திருத்தும் கட்டத்தில் மட்டும் இரண்டையும் அருகருகே காட்டலாம். தேர்வுக்கு இரண்டே மாதம் இருக்கிற பையனிடம் இந்த ஞானமெல்லாம் செல்லாது. அவன் பட்டியலைப் படிக்கட்டும். ஏற்கெனவே தெரிந்த ஜோடிகளுக்கு மட்டும், ஒரு பக்கத்துக்கு மட்டும் கொக்கி மாட்டிக்கொள்ளட்டும். இரண்டுமே புதிதாக இருக்கும் ஜோடியைத் தாண்டிப் போய்விடுவது நல்லது, அதில் கிடைக்கும் மதிப்பெண்ணைவிடத் தெரிந்ததில் வரும் சேதம் அதிகமாக இருக்கும்.

பட்டியலைத் திருத்தி எழுதும் வேலையைப் பெங்களூரிலேயே செய்யலாம். வட்டார ஆங்கில நிறுவனத்துக்குத் தென்மாநிலங்கள் எல்லாவற்றிலிருந்தும் ஆசிரியர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். ஒவ்வொருவரும் தம் மாணவர்களின் பழைய விடைத்தாள்களைக் கொண்டுவந்தால் போதும், எந்தத் தாய்மொழிக்காரருக்கு எந்த ஜோடி உண்மையில் தொல்லை என்பது தெரிந்துவிடும். முதுகும் பையும் கன்னடப் பிள்ளையைப் படுத்தாது, அவன் எழுத்தில் 'க'வுக்கும் அதன் மெல்லோசைக்கும் தனித்தனி உருவம் உண்டு. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இல்லை. இன்றைக்கு இருவர் கையிலும் இருப்பது ஒரே தாள்.