இயங்குநிலை இணைப்பியும் நிரலின் தொடக்கமும்: ஒரு விமர்சனம்

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில், ஒரு நிரல் ஓடத் தொடங்குமுன் அதற்குத் தேவையான பொது நூலகங்களைத் தேடி எடுத்து நினைவகத்தில் பொருத்தித் தரும் சிறிய நிரலே இயங்குநிலை இணைப்பி. டைனமிக் லிங்கர் என்றும் இதைச் சொல்வர். 'மெயின்' செயற்கூறிலிருந்துதான் நிரல் தொடங்குகிறது என்று வகுப்பறைகளில் சொல்லித்தரப்படுகிறது. அது பாதி உண்மை. மெயினுக்கு முன்பே பல வேலைகள் முடிந்துவிடுகின்றன. அவற்றை மாணவர் கண்ணுக்குக் காட்டாமல் வைத்திருப்பதே இந்த ஏற்பாட்டின் பெரிய குறை.

ஏலமலையின் இரு சரிவுகளிலும் இக்குறைக்கு நேரடிப் பொருள் உண்டு. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது. போடிமெட்டைத் தாண்டினால் கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. ஆக போடிநாயக்கனூரானாலும் பூப்பாறையானாலும், அரசுப் பள்ளி மாணவர் பெயர் தெரியாமலே இந்த இணைப்பியோடு பழகியிருக்க வாய்ப்பு அதிகம்.

நிரலை இயக்கச் சொன்னதும் கர்னல் அந்தக் கோப்பின் தலைப்பகுதியைப் படிக்கிறது. அதில் இணைப்பி இருக்கும் இடம் எழுதப்பட்டிருக்கும். நிரலையும் இணைப்பியையும் நினைவகத்தில் ஏற்றிய பின், கட்டுப்பாட்டைக் கர்னல் முதலில் இணைப்பியிடமே கொடுக்கிறது. இணைப்பி தன்னைச் சரிசெய்துகொண்டு, நிரல் கேட்கும் நூலகங்களின் பட்டியலைப் பார்க்கிறது. ஒவ்வொன்றையும் தேடி எடுக்கிறது. அந்த நூலகங்கள் கேட்கும் வேறு நூலகங்களையும் சேர்க்கிறது. பிறகு முகவரிகளை நிரப்பி, நூலகங்களின் தொடக்க வேலைகளை முடித்து, அதன் பின்னரே நிரலுக்கு வழிவிடுகிறது.

விடியலில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பை நினைத்தால் இது விளங்கும். தோட்டம் கேட்பது பெயர்களை மட்டும். ஆளைத் தேடி வண்டியில் ஏற்றுவது இன்னொருவர் பொறுப்பு. ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது: ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு தோட்டத்தில் களையெடுக்க முடியாது. நூலகத்தால் முடியும். நினைவகத்தில் இருக்கும் ஒரே பிரதியைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஏற்பாட்டின் முதல் ஆதாயமே அதுதான்.

குறை தெரிவது ஏதாவது தவறும்போது. 64 பிட் கணினியில் 32 பிட் நிரல் ஒன்றை மாணவர் இயக்குகிறார். அதற்குரிய 32 பிட் இணைப்பி அங்கே இல்லை. 'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை' என்கிறது திரை. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது. இல்லாதது இணைப்பி, ஆனால் எது இல்லாவிட்டாலும் கர்னல் திருப்பித்தரும் பிழை எண் ஒன்றே. பாஷ் 5.2 பதிப்பில்தான் 'தேவையான கோப்பு கிடைக்கவில்லை' என்ற பொருளில் செய்தி சற்றே திருந்தியது. அதிலும் எந்தக் கோப்பு என்ற விவரம் இல்லை. பல ஆண்டுகள் தொடக்கநிலையாளரை இப்படி அலைக்கழித்ததைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்ஜெட் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று இருப்பதை அறிவித்தார். தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமானதுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. தாக்கப்பட்ட எஸ்எஸ்எச் சேவகம் அந்த நூலகத்தை நேரடியாகக் கேட்கவே இல்லை. சில லினக்ஸ் வழங்கல்களில் அது சிஸ்டம்டி நூலகத்தைக் கேட்டது. அது எக்ஸ்ஜெட்டை அழைத்துவந்தது. ஜீப்பில் ஏறியவரின் கூட்டாளியாக வந்தவர்தான் கேடு செய்தது. இணைப்பி முகவரிகளை நிரப்பிக்கொண்டிருந்தபோதே, மெயின் தொடங்குமுன், அந்தத் தீய நிரல்வரிகள் ஓடின.

இணைப்பிக்குள்ளேயே ஓட்டை இருந்ததும் உண்டு. 2023 அக்டோபரில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட 'லூனி டியூனபிள்ஸ்', ஜிலிப்சி இணைப்பி ஒரு சூழல் மாறியைப் படிக்கும் விதத்தில் 2021இல் புகுந்த பிழை. சாதாரணப் பயனர் அதன்வழி முழு நிர்வாக உரிமை பெற முடிந்தது.

அப்படியானால் நூலகங்களை நிரலுக்குள்ளேயே அடைத்துவிடலாமே என்போர் உண்டு. கோ மொழி நிரல்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. ஆனால் பொது நூலகத்தில் ஓட்டை தெரிந்தால் அதை ஒருமுறை புதுப்பித்து, நிரல்களை மறுபடி தொடங்கினால் போதும். அடைத்து வைத்தால் ஒவ்வொரு நிரலையும் மறுபடி கட்ட வேண்டும். அதனால் இணைப்பியை ஒழிப்பது தீர்வாகாது. அது செய்வதைப் பார்க்கத் தெரிவதே தேவை.

பார்ப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. நிரல் கேட்கும் நூலகங்களைக் காட்ட 'எல்டிடி' கட்டளையையே பலரும் பரிந்துரைக்கிறார்கள். சில சூழல்களில் அது ஆராய வேண்டிய நிரலையே இயக்கிவிடக்கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. நம்பகமற்ற கோப்பென்றால் 'ரீட்எல்ஃப்' கொண்டு தலைப்பகுதியை மட்டும் படிப்பதே பாதுகாப்பு. இணைப்பியின் பெயரும் நேரடியாகக் கேட்கப்பட்ட நூலகங்களின் பெயர்களும் அங்கேயே இருக்கும். கூட்டாளிகளை அறிய, அந்த நூலகக் கோப்புகளையும் ஒவ்வொன்றாக அதே முறையில் படிக்க வேண்டும்.