பாட்டின் கதையும் பாட்டின் வரலாறும்

நல்லதொரு பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவர் அடுத்து வினவுவது, இதனை இயற்றியவர் யார், எந்நிலையில் இயற்றினார் என்பதாகும். இசையில் நாட்டமுடைய எவரிடத்தும் இவ்வேட்கையைக் காணலாம். நம் திருச்சபைகளிலும், ஞானப்பாட்டு ஒன்றை அறிவிக்கும் ஆயர் அதன் கதையைச் சுருங்கக் கூறுவாராயின், சபையார் தலைநிமிர்ந்து கேட்கின்றனர். பாட்டையும் ஊக்கத்துடன் பாடுகின்றனர். அருளுரையின் முப்பகுதிகளையும் மறந்துவிட்டோர் அக்கதையை மட்டும் வீட்டிற்கு எடுத்துச் செல்வதும் உண்டு. ஆதலின் இக்கதைகளை அற்பமென ஒதுக்குதல் தகாது. அவை எதனைச் சொல்கின்றன, எதனைச் சொல்லாமல் விடுகின்றன என ஆராய்வது இறையியல் பயில்வோர்க்கு உரிய கடமையாகும்.

இவ்வேட்கை புதியதன்று. சங்கீதப் புத்தகத்தில் 13 சங்கீதங்களின் தலைப்புகள் தாவீதின் வாழ்க்கை நிகழ்ச்சிகளைச் சுட்டுகின்றன. இத்தலைப்புகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பது திருமறை ஆய்வாளர் பலரின் முடிபு. அங்ஙனமாயின், பாட்டிற்குப் பின்னணி தேடிய இசையன்பருள் சங்கீதங்களைத் தொகுத்தோரும் அடங்குவர் எனலாம். அவர்கள் தந்த பின்னணிகளுள் பெரும்பாலானவை தாவீதுக்கு நேர்ந்த ஆபத்துகளைப் பற்றியவை. ஆயினும் 51ஆம் சங்கீதத்தின் தலைப்போ பத்சேபாளின் பெயரையும், தாவீதைக் கண்டிக்க வந்த நாத்தானின் பெயரையும் கூறுகிறது. பாடியவனுக்குச் சற்றும் பெருமை தராத அச்செய்தியை, அவர்கள் மறைக்காது பாட்டின் தலையிலேயே எழுதி வைத்தனர். இந்நேர்மையையே அளவுகோலாகக் கொண்டு, நம்மிடையே வழங்கும் மூன்று கதைகளை நோக்குவோம்.

முதலாவது, ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டின் கதை. இவர் சிகாகோ நகரத்து வழக்கறிஞர். 1873 நவம்பர் 22ஆம் நாள் ‘வில் து ஹாவ்ர்’ என்னும் பிரெஞ்சு நீராவிக் கப்பல், அட்லாண்டிக் கடலில் மற்றொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. 226 பேர் மாண்டனர். ஸ்பாஃபோர்டின் புதல்வியர் நால்வரும் அவர்களுள் அடங்குவர். மனைவி அன்னா உயிர் பிழைத்தார். மனைவியிடம் செல்லக் கடல் கடந்த ஸ்பாஃபோர்டு, கப்பல் மூழ்கிய இடத்தைக் கடக்கையில் ‘இட் இஸ் வெல் வித் மை சோல்’ என்னும் பாட்டை எழுதினார் என்பர். நற்செய்திப் பாடகர் ஐரா சாங்கி 1906இல் வெளியிட்ட நூலில் கூறுவதோ வேறு. 1876இல் தாம் ஸ்பாஃபோர்டின் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கியிருந்தபோது அப்பாட்டு எழுதப்பட்டது என்கிறார் அவர். ஃபிலிப் பிளிஸ் அமைத்த இசையுடன் அது அச்சேறியதும் அவ்வாண்டிலேயே.

இஃது ஆண்டுக் கணக்கு பற்றிய சிறு பிணக்கெனத் தோன்றலாம். ஆனால் மேய்ப்புப் பணிக்கு இவ்வேறுபாடு பெரிது. சாங்கியின் கூற்றை ஏற்பின், அப்பாட்டு துயரத்தின் மூன்றாம் ஆண்டில் பிறந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், அடக்க ஆராதனை முடிந்த அன்றே கப்பற்கதையைக் கூறும் போதகர், ‘அவர் உடனே பாடினாரே, உன்னால் ஏன் இயலவில்லை?’ என்று சொல்லாமற் சொல்லிவிடுகிறார். ஆறுதலாக வேண்டிய கதை அத்தாய்க்குச் சுமையாகிவிடுகிறது. மேலும், கதை கப்பலிலேயே முடிந்துவிட, வாழ்க்கையோ தொடர்ந்தது. 1880இல் அவர்தம் சிறு மகனும் காய்ச்சலால் மரித்தான். ஸ்பாஃபோர்டு தாம் சார்ந்திருந்த பிரஸ்பிட்டேரியன் சபையினின்று விலகி, 1881இல் எருசலேமில் குடியேறி, 1888இல் அங்கேயே மறைந்தார். அவருக்கு அமைதி ஒரே இரவில் கிட்டி, என்றும் குலையாது நிலைத்தது என்று இவ்வரலாற்றைக் கொண்டு நாம் போதித்தல் இயலாது.

இரண்டாவது, ஜான் நியூட்டனின் கதை. அடிமைக் கப்பலின் தலைவராயிருந்த அவர் புயலில் மனந்திரும்பி, கப்பலைத் திருப்பி, அடிமைகளை விடுவித்து, ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் பாட்டை எழுதினார் என்று பல மேடைகளில் கூறப்படுகிறது. 1748 மார்ச்சில் ‘கிரேஹவுண்ட்’ என்னும் கப்பல் புயலில் சிக்கியபோது அவர் கடவுளின் இரக்கத்தை வேண்டியது மெய்யே. ஆனால் அக்கப்பலுக்கு அவர் தலைவரல்லர். அது அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பலும் அன்று. அடிமைக் கப்பல்களுக்கு அவர் தலைவரானது அதன் பின்னரே. 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களை அவர் நடத்தினார். ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு ஆராதனை நிகழ்த்தினார். அதே கப்பலின் கீழ்த்தட்டில் ஆப்பிரிக்க மக்கள் விலங்குகளில் கிடந்தனர். 1754இல் அவர் கடல் வாழ்க்கையை விட்டது, நோயுற்றதனால்.

1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னியில் பணியாற்றிய நியூட்டன், 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு அருளுரைக்கென அப்பாட்டை எழுதினார். அன்றைய திருமறைப் பகுதி 1 நாளாகமம் 17:16, 17. பின்னர் 1779இல், கவிஞர் கூப்பருடன் அவர் வெளியிட்ட ஓல்னிப் பாடல் தொகுப்பில் அஃது இடம்பெற்றது. அடிமை வணிகத்தைப் பற்றி அப்பாட்டில் ஒரு சொல்லேனும் இல்லை. அவ்வணிகத்தின் கொடுமையை அவர் சிறுநூலாக எழுதி அறிக்கையிட்டது 1788இல். தம் அறிக்கை காலந்தாழ்ந்தது என அவரே அந்நூலில் ஒப்புக்கொண்டார். புயலுக்கும் அந்நூலுக்கும் இடையே 40 ஆண்டுகள் கழிந்தன.

இக்கால அளவைக் கதை விழுங்கிவிடுகிறது. புயல், கண்ணீர், விடுதலை என யாவும் ஒரே இரவில் நிகழ்ந்ததாகக் காட்டுவதால், கேட்போர்க்கு மனந்திரும்புதல் எளிதாகிவிடுகிறது. போன்ஹோஃபர் ‘மலிவான கிருபை’ எனக் கண்டித்தது இதனை ஒத்ததே. பக்தியுடன் செபித்துக்கொண்டே ஒருவன் மனிதரை விற்கக்கூடும் என்பதும், கிருபை அவனை விடாது தொடர்ந்து 40ஆம் ஆண்டிலேனும் உண்மையைப் பேசவைத்தது என்பதுமே நாம் கேட்கவேண்டிய வரலாறு. இப்பாட்டை இன்று நாம் பாடும் மெட்டு, 1835இல் அமெரிக்காவில் வில்லியம் வாக்கர் தொகுத்த நூலில்தான் இச்சொற்களுடன் இணைந்தது. இறுதிச் சரணமாக இன்று பலர் பாடுவது நியூட்டன் எழுதியதன்று. ஹேரியட் பீச்சர் ஸ்டோ 1852இல் வெளியிட்ட ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ புதினத்தில், அடிமையாகிய டாம் அதனை இப்பாட்டின் அடிகளோடு சேர்த்துப் பாடுகிறான். விற்றவன் எழுதிய பாட்டை விற்கப்பட்டவன் பாடுவதாக அந்நூலாசிரியர் அமைத்ததும் அப்பாட்டின் வரலாற்றில் ஒரு பகுதியே.

மூன்றாவது கதை நம் வீட்டைச் சார்ந்தது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சையில் கல்வி பயின்று, 1864இல் மறைந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடாத தமிழ்ச் சபை இல்லை. மன்னர் சரபோஜி தம் தெய்வத்தைப் பாடும்படி கேட்டபோது, சாஸ்திரியார் அஞ்சாது மறுத்துக் கிறிஸ்துவையே பாடினார் என்னும் கதையை நாம் பெருமிதத்துடன் கூறிவருகிறோம். ஆனால் 1820களின் இறுதியில் தஞ்சைச் சபையில் எழுந்த பூசலைக் கூறுவோர் மிகச் சிலர். சாதி வேறுபாடின்றி யாவரும் கலந்து அமரவேண்டும் என மிஷனரிகள் வற்புறுத்தியபோது, வேளாளர் தனித்து அமரும் வழக்கத்திற்கு ஆதரவாகச் சாஸ்திரியார் எழுதினார். வழிபாட்டில் தமிழ் இசைக்குரிய இடத்திற்காக வாதாடியதும் அதே எழுதுகோலே. நாம் நன்றியுடன் பெற்றுக்கொண்ட கொடையும், நாம் ஏற்க இயலாத நிலைப்பாடும் ஒரே மனிதரிடம் ஒருங்கே இருந்தன.

மன்னருக்கு முன் நின்ற சாஸ்திரியாரை மட்டும் காட்டும் கதை, நம்மையும் அவருடன் உயர்த்திவிடுகிறது. பாய் விரித்துத் தனியே அமர்ந்தோருக்காக வாதாடிய சாஸ்திரியாரைக் காட்டும் வரலாறு, நம் கல்லறைத் தோட்டங்களையும் சபைத் தேர்தல்களையும் திருமண விளம்பரங்களையும் நோக்கிக் கை நீட்டுகிறது. முன்னதை விரும்பிக் கூறிப் பின்னதை விட்டுவிடும் காரணம் இதனால் விளங்கும்.

‘கதை பிழையாயினும் பக்தி வளர்ந்தால் போதாதா?’ எனச் சிலர் வினவலாம். கதையின்மேல் கட்டப்பட்ட பக்தி, கதை பொய்யென அறியும் நாளில் பாட்டையும் ஐயுறும். இவ்வரலாறுகளால் பாட்டின் மதிப்பு குறையுமோ என அஞ்சுவோரும் உளர். நாத்தானின் பெயரைத் தலையில் தாங்கிய 51ஆம் சங்கீதத்தின் மதிப்பு குறையவில்லை. திருச்சபை மிகுதியாகப் பாடிய சங்கீதங்களுள் அஃதும் ஒன்று. பாடியவன் பரிசுத்தன் என்பதால் நாம் அதனைப் பாடவில்லை. அவன் யாரிடம் மன்றாடினானோ அவரிடமே நமக்கும் மன்றாட வேண்டியிருப்பதால் பாடுகிறோம்.

ஆதலால் பாட்டின் கதையைக் கேட்க விழையும் சபையாரை ஆயர் தடுக்கவேண்டுவதில்லை. சொல்லுமுன் ஆண்டுகளைச் சரிபார்க்கட்டும். கதை முடிந்ததாகச் சொல்லப்படும் நாளுக்குப் பின் அம்மனிதர் எவ்வாறு வாழ்ந்தார் எனத் தேடட்டும். அப்பாட்டு எழுதப்பட்ட காலத்தில் எவருடைய குரல் கேட்கப்படாது போயிற்று என்றும் வினவட்டும். அதன்பின் பாட்டை அறிவித்தால், சபையார் அதனை முன்னினும் மெதுவாகப் பாடக்கூடும்; பொருளறிந்து பாடுவர்.