ஃபீட்ராவும் சித்ராங்கியும்

கிரேக்க நாட்டுத் தொன்மங்களைத் தழுவி எழுந்த திரைப்படங்களை இருவகையாகப் பகுத்துக் காணலாம். கண்ணுக்கு விருந்தாவன ஒருவகை. 1963-ல் வெளிவந்த ‘ஜேசனும் ஆர்கோ வீரர்களும்’ என்னும் படத்தில் ரே ஹாரிஹவுசன் எலும்புக்கூடுகளை வாளேந்திப் போரிட வைத்தார். 2004-ல் வந்த ‘டிராய்’ படம் பெரும்படையைக் காட்டியது. மகர்பட்டாவில் வளரும் நம் பிள்ளைகள் ஹெர்குலிஸையும் மெடூசாவையும் அறிந்திருப்பது இவ்வகைப் படங்களால்தான். மனத்துக்கு வினாவாவன மற்றொருவகை. பூதங்களும் போர்க்களமும் அவற்றில் இல்லை. ஒரு வீடும், அவ்வீட்டில் பிழை செய்த ஒருவரும், அப்பிழையில் தமக்கும் பங்குண்டு என்று பிந்தி உணரும் சிலருமே அவற்றில் உள்ளனர். இரண்டாம் வகையைச் சார்ந்த ஒரு கதையையும், அதே கதையைத் தமிழ்த்திரை கையாண்ட முறையையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏதென்சு நகர மன்னன் தீசியஸ். அவனுடைய இளைய மனைவி ஃபீட்ரா. மூத்தவள் வயிற்று மகன் ஹிப்போலிட்டஸ். சிற்றன்னை அம்மகன்மீது காதல் கொள்கிறாள், அவன் மறுக்கிறான், அவள் பழி சுமத்தி உயிர் துறக்கிறாள், மன்னன் ஆராயாமல் மகனைச் சபிக்கிறான், மகன் மாள்கிறான். யூரிப்பிடீஸ் என்னும் நாடகப் புலவர் இக்கதையை இருமுறை நாடகமாக்கினார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. முதல் நாடகத்தில் ஃபீட்ரா நாணமற்றவளாக நின்றாள். ஏதென்சு மக்கள் அதனை விரும்பவில்லை. புலவர் மீண்டும் எழுதினார். இம்முறை அவள் தன் உள்ளத்தை யாரிடமும் சொல்லாது, உணவு மறுத்து, இறந்துபட எண்ணுகிறாள். அக்காதலை அவள் உள்ளத்தில் விதைத்தவள் அஃப்ரோடைட்டி என்னும் தெய்வம். மறைபொருளை வெளியிட்டவள் செவிலி. பெண்குலம் முழுவதையும் இழித்துரைக்கும் ஹிப்போலிட்டஸின் தூய்மையிலும் செருக்கின் நிழல் உண்டு. அவள் எழுதி வைத்த பொய்ப்பழியைப் புலவர் மறைக்கவில்லை. எனினும் அப்பொய் எவ்வழியே பிறந்தது என்பதையும் காட்டினார். கி.மு. 428-ல் அந்நாடகம் முதற்பரிசு பெற்றது.

இருபதாம் நூற்றாண்டுத் திரைப்படமும் இவ்விரண்டாம் வடிவத்தின் வழியிலேயே சென்றது. இக்கதையைத் தழுவி யூஜீன் ஓநீல் 1924-ல் எழுதிய நாடகம் ‘எல்ம் மரங்களின் கீழ் ஆசை’ என்ற பெயரிலேயே 1958-ல் படமாயிற்று. 1962-ல் ஜூல்ஸ் தாசின் ‘ஃபீட்ரா’வை எடுத்தார். இரண்டிலும் மகனாக நடித்தவர் ஒருவரே; அவர் அந்தோணி பெர்க்கின்ஸ். தாசின் படத்தில் மன்னன் கப்பல் முதலாளியாகிறான். மகனின் குதிரைத்தேர் விரைவுக் காராகிறது. ஃபீட்ராவாக நடித்த மெலினா மெர்க்கூரி பிற்காலத்தில் கிரேக்க நாட்டின் பண்பாட்டு அமைச்சரானவர். அவள் பெயரே சூட்டிய கப்பல் மூழ்கிவிட, மாண்டோரின் பெயரறியக் கறுப்புடைப் பெண்கள் கூடி நிற்கும் வேளையில், அவள் தன் காதலைத் தானே கணவனிடம் சொல்லிவிடுகிறாள். பொய்ப்பழி இங்கு இல்லை. தெய்வத்தை நீக்கிய இடத்தில் தாசின் செல்வத்தை வைத்தார். மகனையும் ஒருகால் இசைந்தவனாக ஆக்கினார். இதனால் பழைய நாடகத்தின் உயரம் குறைந்தது என்றே கூற வேண்டும். ஆயினும் அவளுடைய துயரத்தைக் கேளாமல் அப்படம் தீர்ப்பு எழுதவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். இக்கதை நமக்குப் புதியதன்று. அசோகனின் இளைய அரசி திஷ்யரக்ஷிதை, குணாளன்மீது கொண்ட வேட்கையைப் பௌத்த நூல்கள் கூறும். இராசமகேந்திரபுரத்து நரேந்திரன் மகன் சாரங்கதரன் கதையைத் தஞ்சை இரகுநாத நாயக்கர் அவையைச் சார்ந்த சேமகூர வேங்கடகவி தெலுங்கில் காவியமாக்கினார். தமிழ் மேடைக்குச் சங்கரதாஸ் சுவாமிகளும் பம்மல் சம்பந்த முதலியாரும் அதனைத் தந்தனர். நாம் குடியேறி வாழும் மராத்திய மண்ணிலும் இக்கதை வேறு பெயரில் வாழ்கிறது. நவநாத பக்தர்கள் போற்றும் சௌரங்கிநாதர், சிற்றன்னையின் பழியால் கைகால் துணிக்கப்பட்டு, பின் நாதயோகியரின் அருளால் சித்தரான இளவரசரே. பக்கத்து வீட்டு மராத்தியப் பெரியவரும் நம் வீட்டுப் பாட்டியும் ஒரே கதையை இரு மொழிகளில் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள்!

தமிழ்த்திரை இதனை விரும்பி ஏற்றது. எம். கே. தியாகராஜ பாகவதர் 1936-ல் ‘நவீன சாரங்கதரா’விலும் 1941-ல் ‘அசோக் குமார்’ படத்திலும் இருமுறை சிற்றன்னையால் துன்புறும் இளவரசராக நடித்தார். பின்னதில் சித்தூர் வி. நாகையா அசோகராகவும், பி. கண்ணாம்பா திஷ்யரக்ஷிதையாகவும் தோன்றினர். 1958-ல் வந்த ‘சாரங்கதரா’வில் சிவாஜி கணேசனும், சித்ராங்கியாகப் பானுமதியும், மன்னராக எஸ். வி. ரங்காராவும் நடித்தனர். ஜி. ராமநாதன் இசையில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய காதற்பாடல் இன்றும் நம் இல்லங்களில் ஒலிக்கிறது. பாடல் நிலைத்தது, சித்ராங்கியின் துயரம் எவர் நினைவிலும் நிற்கவில்லை. இதற்குக் காரணம் யாது?

சாரங்கதரன் கதையின் தொடக்கத்தை நோக்குவோம். மகனுடைய ஓவியத்தைக் காட்டிச் சித்ராங்கியை மணம் பேசுகின்றனர். அவள் உள்ளம் அவ்வோவியத்தில் படிகிறது. பின்னர் அவளை மணந்தவனோ தந்தை! உள்ளத்தை ஒருவனுக்கு அளிக்கச் செய்து, உடலை மற்றொருவனுக்கு உரிமையாக்கியது யார் குற்றம்? கிரேக்கக் கதையிலும் இல்லாத வலுவான நியாயம் இது. அஃப்ரோடைட்டி செய்த வேலையை இங்கே ஓர் அரண்மனை செய்திருக்கிறது. யூரிப்பிடீஸ் கையில் இவ்விதை கிடைத்திருப்பின் அதிலிருந்து ஒரு பெருமரமே வளர்ந்திருக்கும். நம்மவர் கையிலோ அது கதையைத் தொடங்குவதற்கான ஒரு வசதியாக மட்டும் நின்றது. தொடக்கம் முடிந்தவுடன் அவள் வஞ்சகி, அவன் மாசற்றவன், மன்னன் ஏமாந்த நல்லவன். யூரிப்பிடீஸ் திருத்தி எழுதிய இடத்தில், நாம் அவருடைய முதற்படியோடு நின்றுவிட்டோம்.

மற்றொரு குறை முடிவில் உள்ளது. ‘அசோக் குமார்’ படத்தில் இழந்த கண்கள் அருளால் மீள்கின்றன. சாரங்கதரன் கதையில் துணிக்கப்பட்ட உறுப்புகள் சித்தரருளால் வளர்கின்றன. பக்தி நெறியில் இவை போற்றத்தக்கன; அவற்றைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. ஆனால் நாடக நெறியில் இவற்றின் விளைவு என்ன? ஆராயாது ஆணையிட்ட மன்னனின் பிழைக்கு விலையே இல்லாமற் போகிறது. ஹிப்போலிட்டஸ் தந்தையை மன்னித்துக்கொண்டே அவன் மடியில் இறக்கிறான்; அந்த மன்னிப்பைச் சுமந்து தீசியஸ் வாழ வேண்டும். நம் மன்னனுக்கோ மகனும் கிடைக்கிறான். மன அமைதியும் கிடைக்கிறது. தண்டனை முழுவதும் ஒருத்தியின் தலையில் இறங்கிவிடுகிறது.

அலுவலகத்தில் கோப்புகளோடு வாழும் என் போன்றோர்க்கு ஒரு விதி பழக்கமானது. ஒருவர்மீது குறை எழுதப்பட்டால், அவருடைய விளக்கமும் பெறப்பட்டு அதே கோப்பில் சேர்க்கப்பட வேண்டும்; அதன்பின்னரே மேலதிகாரி முடிவெழுதலாம். சித்ராங்கியின் கோப்பில் அவ்விளக்கம் இல்லை. கண்ணாம்பாவும் பானுமதியும் தம் கண்களாலும் குரலாலும் அதனைச் சொல்ல முயன்றனர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடிகையர்க்குத் தெரிந்திருந்தது, கதையமைப்பு இடந்தரவில்லை.

‘குடும்பத்தோடு காணும் படத்தில் இத்தகைய வேட்கைக்கு இரக்கம் காட்டுவது முறையோ?’ என்று சிலர் வினவலாம். இரக்கம் வேறு, உடன்பாடு வேறு. இதனை நமக்குக் கற்பிக்கக் கிரேக்கர் வேண்டுவதில்லை. கம்பர் ஒருவரே போதும். மற்றொரு சிற்றன்னையாகிய கைகேயியின் மனம் திரிந்த இடத்தில், அத்திரிபுக்குத் தேவர்களின் மாயையையும் அவர்கள் பெற்ற வரத்தையும் அந்தணர் தவத்தையும் காரணமாக வைத்தார் அவர். அவள் செயலை அவர் மெச்சவில்லை. அவளைத் தனியே நிறுத்திக் கல்லெறியவும் இல்லை. அரசன் பிழைக்கு விலை என்ன என்பதை இளங்கோவடிகள் காட்டினார். ஆராயாது கொன்ற தவற்றை அறிந்த அக்கணமே, பாண்டியன் அரியணையிலேயே உயிர் நீத்தான். பழி பகிர்ந்துகொள்ளப்பட வேண்டும் என்ற அறம் நம் காப்பியங்களில் உள்ளது. அதனைத் திரைக்குக் கொண்டுவர மறந்ததே நம் குறை.

இஃது இலக்கிய நயம் பற்றிய ஆராய்ச்சி மட்டும்தானா? இல்லை. தாயை இழந்த குழந்தைகளை வளர்க்க வந்த எத்தனையோ பெண்கள் நம்மிடையே வாழ்கின்றனர். சோறிடுமுன்னரே அவர்கள்மீது ஐயம் விழுகிறது. உற்றார் துணையில்லாத வெளியூர் வாழ்வில் அவ்வையத்தைத் தனியே சுமப்பது இன்னும் கடினம். ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்னும் தொடரை நாம் நாள்தோறும் கூசாது வழங்குகிறோம். மேடையும் திரையும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஒருதலைக் கதை அச்சொல்லுக்கு உரமிட்டிருக்கிறது.

புனே நகரம் திரைப்படக் கல்வியின் தலைமனை. பிரபாத் நிறுவனத்தின் நிலத்தில் 1960-ல் திரைப்படக் கல்லூரி எழுந்தது. 1964-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இங்கே தோன்றி, 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்தது. இந்நகரில் வளரும் நம் பிள்ளைகளுள் சிலர் நாளை படமெடுக்கக் கூடும். அவர்களுள் ஒருவர் சாரங்கதரனைக் கையில் எடுப்பாராயின், புறாவைத் தேடி மாளிகைக்குள் நுழையும் இளவரசனிடமிருந்து கதையைத் தொடங்க வேண்டா. ஓவியத்தை நோக்கி நாணி நிற்கும் அப்பெண்ணிடமிருந்து தொடங்கட்டும். அதுவரையில், பழைய படத்தை இல்லத்தில் காணும்போது, ‘அந்த ஓவியத்தை அவளிடம் காட்டச் சொன்னவர் யார்?’ என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் விடை, சித்ராங்கியின் கோப்பில் சேர்க்கப்படும் முதல் விளக்கமாக அமையும்.