தோன்றா எழுவாய்

தொலைக்காட்சிச் சந்தாக் கட்டணத் தகராறுகளை 'நுகர்வோர் பக்கம்' என்று ஒதுக்கி நாலு வரி ஆலோசனையோடு முடித்துவிடுவது நம் பத்திரிகைகளின் வழக்கம். யார், யாரிடம், எந்த இடத்தில் நின்று பேசுகிறார்கள் என்ற மொழிப் பிரச்சினையாகவும் அதை வாசிக்க முடியும். தொகை இருபதோ இருநூறோ, சின்னத் தொகைதான். சின்னத் தொகை என்பதாலேயே அது இத்தனை வீடுகளில் இத்தனை எளிதாக நடக்கிறது.

எடுத்துக்கொள்ள வேண்டிய வாக்கியம் இது: "சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது சார்." வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு ஒருமுறையேனும் பேசியவர்களுக்கு மனப்பாடமான வாக்கியம். 'காட்டுது' என்ற பயனிலைக்கு எழுவாய் எங்கே? சிஸ்டம் ஏழாம் வேற்றுமை ஏற்று வெறும் இடமாக நிற்கிறது. காட்டுவது யார் என்று இல்லை. நாம் வகுப்பில் படித்த தோன்றா எழுவாய் வேறு. 'நேற்று வந்தேன்' என்றால் 'நான்' மறைந்திருக்கிறது, ஆனால் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே விகுதி அஃறிணை ஒருமை. தோண்டிப் பார்த்தாலும் ஆள் கிடைக்கமாட்டார்.

நிறுவனத்தின் எழுத்துப் பிரதிகளும் இதே இலக்கணத்தில்தான் இயங்குகின்றன. வசூலிக்கப்படும், துண்டிக்கப்படும், திருப்பித் தரப்பட மாட்டாது. செயப்பாட்டுவினையில் வரவேண்டிய 'ஆல்' உருபு எங்குமே வருவதில்லை. யாரால் துண்டிக்கப்படும்? சந்தாதாரரோ விளி வேற்றுமையில் நிற்கிறார்: "ஹலோ, மேடம், தம்பி, கொஞ்சம் கேளுங்க." 1970இல் அல்தூசர் எழுதிய கட்டுரையில் போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்ப்பவன் தன்னிலை ஆகிறான். இங்கே கூப்பிடுவது நாம். திரும்பிப் பார்க்க ஆளில்லை. தமிழுக்கு 1, ஆங்கிலத்துக்கு 2, அப்புறம் இசை. மனுநீதிச் சோழன் வாசலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை ஒன்பது பொத்தான்களாகப் பிரித்துத் தந்துவிட்டார்கள். பசு எதை அழுத்தும்?

இதைச் சொன்னதும் பழைய கேபிள்காரரை நினைத்து உருகுகிறவர்கள் உண்டு. 1990களில் அவர் மாதாமாதம் வாசலுக்கு வந்தார். "போன வாரம் மூணு நாள் படமே வரல, இருபது ரூபா கம்மியாத்தான் குடுப்பேன்" என்று அக்காமார்கள் மல்லுக்கு நின்றார்கள், பல சமயம் ஜெயித்தார்கள். உண்மைதான். ஆனால் அவர் ரசீது தரமாட்டார். தெருவுக்கு ஒருவர்தான், வேறு ஆளிடம் போக வழியில்லை. பல ஊர்களில் அவருக்குப் பின்னால் கட்சிக் கொடி இருந்தது. எந்தத் தெருவுக்கு ஒயரை இழுப்பது, எந்தத் தெருவைக் கடைசியில் கவனிப்பது என்பதில் ஊரின் சாதி வரைபடமும் வேலை செய்தது. முகம் இருந்தது என்பதற்காக நியாயம் இருந்தது என்று ஆகிவிடாது. இயந்திரம் நம் தெருப்பெயரைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை என்பதையும் இந்த இடத்தில் ஒத்துக்கொண்டுதான் ஆகவேண்டும்.

அடுத்து வந்தது தேர்வு பற்றிய சொல்லாடல். 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்குப் பெட்டி கட்டாயமானபோதே தொடங்கியது; 2019 பிப்ரவரியில் டிராய் ஆணை நடைமுறைக்கு வந்தபோது முழு உருவம் பெற்றது. 'பார்க்கும் சேனலுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்' என்றார்கள். ஆனால் எந்தக் கட்டணச் சேனலையும் தேர்ந்தெடுக்கும் முன்பே, முதல் நூறு சேனல் வந்துசேரும் திறனுக்கென்று 130 ரூபாய், அதன்மேல் 18 சத வரி, ஆக 153 ரூபாய் 40 காசு. பார்ப்பதற்கல்ல, பார்க்கமுடிவதற்கு! தொகுப்பில் சேர்க்கும் சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக்கூடாது என்றதும் பெரிய சேனல்கள் சரியாக 19இல் போய் உட்கார்ந்தன. தொகுப்பாக வாங்கினால் மலிவு, தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் நஷ்டம். 2020இல் உச்சவரம்பு 12 ஆனது, வழக்கு நடந்தது, 2022இல் மறுபடி 19. 2024இல் அந்த 130 என்ற உச்சவரம்பும் எடுக்கப்பட்டது. இந்தக் கணக்கு மாறிய ஒவ்வொரு முறையும் வீட்டில் மாதத் தொகை ஏன் மாறியது என்று கேட்டவருக்கு மேலே சொன்ன வாக்கியமே பதிலாகக் கிடைத்தது.

கவனிக்கப்படாமல் போன தலைகீழாக்கம் ஒன்று உண்டு. கேபிள்காரருக்கு நாம் பெரும்பாலும் பார்த்து முடித்த பிறகே பணம் கொடுத்தோம், கடனாளியாக இருந்தோம். டிடிஎச் ரீசார்ஜ் முறையில் பணம் முதலில் போய்ச் சேருகிறது. கணக்குப்படி நாம்தான் கடன் கொடுத்தவர்கள். ஆனாலும் மிரட்டல் மொழி நம்மை நோக்கியே வருகிறது. கேட்காத தொகுப்புக்கு இருப்பிலிருந்து 59 ரூபாய் கழிந்தால் அதை நாம் தராமல் நிறுத்திவைக்க முடியாது; போனதைத் திருப்பிக் கெஞ்ச மட்டுமே முடியும். தகராறு என்பதே மனு என்பதாக இறங்கிவிடுகிறது.

மேலே போகலாமே என்பார்கள். டிராய் தனிநபர் புகாரைத் தானே விசாரிப்பதில்லை. அது சுற்றி நிறுவனத்திடமே வந்துசேரும். 2019 நுகர்வோர் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் சிறு தொகை வழக்குக்குக் கட்டணமே கிடையாது, நல்ல ஏற்பாடு. 59 ரூபாய்க்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எந்தக் கொத்தனார் போவார்? நடுவில் குறுஞ்செய்தி வந்துவிடும்: 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.' எண்ணெய் தீர்ந்தது, அரிசி தீர்ந்தது என்கிறோமே, அந்தத் 'தீர்'.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் இரண்டு மாதம் கட்டணம் கேட்டார்கள். ஒவ்வொரு அழைப்பின் தேதி, புகார் எண், பேசியவர் பெயர் எல்லாவற்றையும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவந்தார். இலக்கணம் படிக்காதவர், ஆனால் எழுவாயைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஐந்தாவது அழைப்பில் பேசிய பெண், பெயர் கேட்டதும் தயங்கிவிட்டுச் சொன்னாளாம்: "மேடம், எம் பேரை எழுதிக்காதீங்க. நான் சேந்து ரெண்டு மாசந்தான் ஆகுது, கான்ட்ராக்ட்டு." அந்தத் தாளில் தேதியும் எண்ணும் இருக்கின்றன. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அக்கா ஒரு கோடு போட்டிருக்கிறார்.