டோஸ்டரிலிருந்து குதித்து வரும் டிபன்

சாதாரண பாப்-டார்ட்டை விட லோ ஃபேட் பாப்-டார்ட்தான் ருசி. இதைச் சொன்னால் ஆபீஸில் சண்டைக்கு வருகிறார்கள். கொழுப்பைக் குறைத்த எதுவும் வாயில் வைக்க விளங்காது என்பது இந்த ஊர்க்காரர்களின் சித்தாந்தம். லோ ஃபேட் சீஸைத் தின்றவள் என்ற முறையில் நானும் அதைப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வேன். ஆனால் பழுப்புச் சர்க்கரையும் பட்டைத் தூளும் உள்ளே வைத்த லோ ஃபேட் டோஸ்டர் பேஸ்ட்ரி விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பார்த்திராதவர்களுக்காக: உள்ளங்கையில் அடங்கும் நீள்சதுரம். மெல்லிய மாவுத் தகடு இரண்டு, நடுவில் பூரணம், நாலு ஓரமும் அழுத்தி ஒட்டியிருக்கும். மேல் தகட்டில் வரிசையாகப் பொத்தல்கள். ஆவி வெளியே போவதற்கு. ஏற்கெனவே வெந்ததுதான். பளபளவென்று ஒரு வெள்ளித்தாள் பையில் இரண்டிரண்டாக வரும். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை. டோஸ்டரில் செருகி, நெம்பை அழுத்தி, தலையை வாரிக்கொண்டு வருவதற்குள் ‘டிக்’ என்று மேலே எழும்பி நிற்கும். அவ்வளவுதான் சமையல்.

அந்த ‘டிக்’குக்கு அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. எழும்பியவுடன் தொடக் கூடாது. உள்ளே இருப்பது முக்கால்வாசி சர்க்கரை. தகடு ஆறின பிறகும் பூரணம் கொதித்துக்கொண்டிருக்கும், நாக்கைப் பதம் பார்த்துவிடும். காப்பியில் இரண்டு மடக்கு குடித்துவிட்டு எடுத்தால் சரியாக இருக்கும். முதலில் ஓரம். பூரணம் எட்டாத அந்த வெறும் ஓரத்தைப் பிடிக்காமல் பிய்த்துப் போடுகிறவர்கள் உண்டு. நான் அதைத்தான் முதலில் தேடுவேன். லோ ஃபேட்டில் அது ‘மடக்’கென்று உடையும். நெய்யோ எண்ணெயோ தாராளமாகப் போட்டுப் பிசைந்த மாவு பொலபொலவென்று உதிரும். குறைத்துப் போட்டால் ரொட்டிப் பக்கம் சாயும், கொஞ்சம் விறைப்பாக நிற்கும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே கடித்தால் அந்த விறைப்பு குறையாகத்தான் தெரியும். டோஸ்டரில் போட்டு எடுங்கள், அதே விறைப்பு மொறுமொறுப்பாகிவிடும். சாதாரண ரகத்தில் எண்ணெய் வாசனை முன்னால் வந்து நிற்கும். இதில் பட்டையின் காரமும் சர்க்கரை லேசாகக் கருகின மணமும் நேராக மூக்குக்கு வருகின்றன. ஆகக்கூடி, கொழுப்பைக் குறைத்ததில் நான் எதையும் இழக்கவில்லை. லாபம்தான்.

எவ்வளவு குறைவு என்று கேட்பீர்கள். ஒன்றுக்கு 3 கிராம். சாதாரணத்தில் ஐந்து, ஆறு என்று ரகத்துக்கு ரகம் ஏறும். அமெரிக்காவில் 1990-ல் ஊட்டச்சத்து லேபிள் சட்டம் வந்த பிறகு, ஒரு பரிமாறும் அளவில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இருந்தால் ‘லோ ஃபேட்’ என்று பெட்டியில் போட முடியாது. தொண்ணூறுகளில் நான் இங்கே வந்து இறங்கியபோது கடையில் எந்த வரிசைக்குப் போனாலும் அந்த இரண்டு சொல்தான். பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம், எல்லாம் லோ ஃபேட். அந்த அலையில் வந்த பெரும்பாலானவை போன இடம் தெரியவில்லை, போனதே நல்லது. சர்க்கரை? இருக்கிறது, நிறையவே. கலோரியும் பெரிதாக ஒன்றும் இறங்கிவிடவில்லை. இதைத் தின்று இளைக்கலாம் என்று நான் எங்கே சொன்னேன்?

நான் சொல்வது காலை நேரத்தைப் பற்றி. மிச்சிகனில் டிசம்பர், ஜனவரியில் எட்டு மணி வரை விடியாது. அந்த இருட்டில் எழுந்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடவிட்டு, கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி, 696 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஆபீஸ் போய்ச் சேர வேண்டும். மாவு ஃப்ரிட்ஜில் இருக்கும், இட்லித் தட்டும் இருக்கும், இட்லி வேகிற நேரம்தான் இருக்காது. சீரியல் என்றால் கிண்ணம், கரண்டி, பால், அப்புறம் கழுவல். டார்ட்டை ஒரு பேப்பர் நாப்கினில் சுற்றி எடுத்துக்கொண்டால் இடது கையில் அது, வலது கையில் ஸ்டியரிங். சாதாரண ரகம் சாப்பிட்ட நாளில் விரலெல்லாம் பிசுபிசுத்து ஸ்டியரிங்கில் தடம் விழும். லோ ஃபேட்டில் நாப்கினில் கூடக் கறை கிடையாது. ஓட்டிக்கொண்டே சாப்பிடுவது சரியா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவருக்கு வீட்டிலிருந்தே வேலை.

இது எங்கள் மாநிலத்துச் சரக்கு என்பதில் எனக்குத் தனிப் பெருமை. டெட்ராய்ட்டிலிருந்து 94 நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால் பேட்டில் கிரீக் வரும். காலையில் பாலில் தானியத்தைப் போட்டுத் தின்னும் பழக்கத்தை உலகத்துக்கு விற்ற ஊர் அது. கெல்லாக்கும் போஸ்ட்டும் அங்கே எதிரெதிர்க் கடை. அறுபதுகளின் தொடக்கத்தில், ஈரப்பதமுள்ள நாய்த் தீனியை வெள்ளித்தாளில் அடைத்துக் கெடாமல் வைக்கும் வித்தை போஸ்ட் கம்பெனியின் கையில் இருந்தது. அதையே மனிதருக்கும் பயன்படுத்தி, டோஸ்டரில் போடுகிற பழப் பலகாரம் ஒன்றைச் செய்தார்கள். ‘கன்ட்ரி ஸ்கொயர்ஸ்’ என்று பெயரும் வைத்து, சரக்கு கடைக்கு வருமுன்பே ஊரெல்லாம் தமுக்கடித்துவிட்டார்கள். கெல்லாக் சும்மா இருக்குமா? கிராண்ட் ராபிட்ஸில் பிஸ்கட் ஃபேக்டரி நடத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் ஓடியது. அவர் சில மாதங்களில் செய்து கொடுத்ததுதான் 1964-ல் கிளீவ்லாந்தில் விற்பனைக்கு வந்த பாப்-டார்ட். ஸ்ட்ராபெரி, புளூபெரி, பழுப்புச் சர்க்கரை-பட்டை, ஆப்பிள்-கரன்ட் என்று நாலு ரகம். மேலே சர்க்கரைப் பூச்சு கிடையாது. டோஸ்டரில் உருகி வழியாத பூச்சு 1967-ல்தான் வந்தது. போஸ்ட் கம்பெனியைப் பின்னுக்குத் தள்ளிய அந்த கிராண்ட் ராபிட்ஸ்காரர் பெயர் என்ன தெரியுமா? பில் போஸ்ட்! இதைக் கதையில் எழுதினால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் வெட்டிவிடுவார்.

திருநெல்வேலியிலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், வந்திருந்தபோது ஒரு சங்கடம். அவர்கள் சுத்த சைவம். பூச்சுப் பூசிய ரகங்களில் மாட்டிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நம் சைவக்காரர்கள் பலர் இது தெரியாமலே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அத்தைக்கென்று பூச்சில்லாத ஸ்ட்ராபெரி பெட்டி ஒன்று வாங்கி வைத்தேன். (அந்த ஸ்ட்ராபெரிப் பூரணத்தில் ஆப்பிளும் பேரிக்காயும் கூடக் கலந்திருக்கும் என்பது வேறு விஷயம்.) முதல் நாள் அத்தை தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

“ஏம்மா, இதுல பொத்தல் பொத்தலா இருக்கே, பூச்சி கீச்சி அரிச்சிருக்கா?”

“இல்லத்தை, அது அவங்களே போடுறது. சாப்பிட்டுப் பாருங்க.”

ஒரு முனையைக் கிள்ளி வாயில் போட்டார்கள். அப்புறம் ஒரு கடி. “நம்ம போளிக்குத் தங்கச்சி மாதிரில்லா இருக்கு” என்றார்கள். அடுத்த வாரத்திலிருந்து டோஸ்டர் அத்தையின் வசம் போய்விட்டது. ஃபில்டர் காப்பியில் ஓரத்தை நனைத்துச் சாப்பிடும் முறை அத்தையின் கண்டுபிடிப்பு. சாதாரண ரகம் என்றால் காப்பிக்குள் கரைந்து விழுந்திருக்கும், லோ ஃபேட் தாக்குப்பிடிக்கிறது.

2003 ஆகஸ்ட் 14 அன்று, நியூயார்க்கிலிருந்து டெட்ராய்ட் வரை கரன்ட் போனது நினைவிருக்கலாம். எங்கள் வீட்டில் அடுப்பும் கரன்ட்தான். மறுநாள் காலை தெருவே ஸ்தம்பித்துக் கிடக்க, நாங்கள் வெள்ளித்தாளைப் பிரித்துப் பச்சையாகவே சாப்பிட்டோம். சூடு இல்லாத லோ ஃபேட் கொஞ்சம் வறட்டுதான், மறுக்கவில்லை. பசித்த வாய்க்கு அது தெரியவில்லை. அமெரிக்காவே இதைப் புரிந்து வைத்திருக்கிறது: புயல் வருகிறது என்றதும் ஜனங்கள் எதை வாங்குகிறார்கள் என்று வால்மார்ட் தன் கணக்கைக் குடைந்தபோது, ஸ்ட்ராபெரி பாப்-டார்ட் வழக்கத்தைப்போல் ஏழு மடங்கு விற்பது தெரிந்தது. 2004-ல் ஃப்ளோரிடாவை நோக்கி ஃபிரான்சிஸ் புயல் வந்தபோது லாரி லாரியாக அனுப்பி வைத்தார்கள்.

இரண்டு எச்சரிக்கை. டோஸ்டரின் சூட்டைக் குறைந்த எண்ணிலேயே வையுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். சிக்கிக்கொண்டால் சர்க்கரை தீப்பிடிக்கும், விளையாட்டில்லை. மைக்ரோவேவ் என்றால் வெள்ளித்தாளைக் கழற்றிவிட்டு மூன்றே வினாடி. ஆமாம், மூன்று வினாடி. பெட்டியிலேயே அப்படித்தான் போட்டிருக்கும். அந்த மூன்று வினாடியும் யாருக்கு மிச்சமாகிறது என்று எனக்கு விளங்கவில்லை. மைக்ரோவேவில் வைத்தால் தகடு தொளதொளத்துப் போகும். அது டார்ட்டுக்குச் செய்யும் துரோகம்.

ஒரே ஒரு குறை, லோ ஃபேட் பெட்டி எல்லாக் கடையிலும் எப்போதும் இருப்பதில்லை. கலர் கலராகச் சாக்லேட் ரகங்களை அடுக்கி இதை ஓரங்கட்டிவிடுகிறார்கள். டெட்ராய்ட்டை ஒட்டிய நோவை, ட்ராய் பக்கம் எந்தக் கடையிலாவது உங்கள் கண்ணில் பட்டால் எனக்கு நாலு பெட்டி எடுத்து வையுங்கள், காசு கொடுத்துவிடுகிறேன். பழுப்புச் சர்க்கரை-பட்டை மட்டும்தான். ஸ்ட்ராபெரி இருந்தால் பூச்சில்லாததாக ஒன்று, அத்தை சித்திரையில் திரும்ப வருகிறார்கள்.