வேடமும் ஆளும்: மெய்ப்பொருள் நாயனார் புராணமும் பிரான்காச்சோ மரணமும்

பெரியபுராணத்து அடியார்களுள் அறவழி நின்றமையால் துன்புற்றோர் பலர். அவர்களுள் திருநாவுக்கரசர் வரலாறே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. நீற்றறை, நஞ்சு, யானை, கல்லொடு கட்டிக் கடலிலிடுதல் என ஒவ்வொரு கொடுமையிலிருந்தும் அவர் மீள்கிறார். இறைவனை நம்பினோர் கைவிடப்படார் என்பதற்கு இதனைச் சான்று காட்டுவது எளிது. மீளாதவர் கதையே ஆய்வாளனுக்குக் கடினமானது. திருக்கோவலூர் மன்னரான மெய்ப்பொருள் நாயனார் மீளவில்லை.

போரில் பன்முறை தோற்ற முத்தநாதன், நீறணிந்து, சடை முடித்து, சுவடிக்கட்டினுள் கத்தியை மறைத்து அந்தப்புரம் வரை வருகிறான். எங்குமில்லாத ஆகமம் கொணர்ந்ததாகச் சொல்கிறான். மன்னர் அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் கீழே அமர்கிறார். குத்துண்டு வீழும்போதும் அவர் தொழுதபடியே வீழ்கிறார். வாளுருவிய மெய்காவலன் தத்தனைத் தடுத்து, கொலைஞனை ஊறின்றி நகரெல்லை கடத்துமாறு பணிக்கிறார். சேக்கிழாரின் கலை உச்சம் கொள்வது இதன் பின்னரே. தத்தன் திரும்பிவந்து செய்தி சொல்லும் வரை மன்னர் உயிரைத் தாங்கியிருக்கிறார். இறைவன் காட்சி தருவது அதற்கும் பிந்தியே.

இப்பகுதியைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் வாசிப்பது போதாது. மன்னர் மன்னித்தது முத்தநாதன் என்னும் ஆளை அன்று. அவன் பூண்டிருந்த வேடத்தையே அவர் காத்தார். வேடம் பொய்யெனத் தெரிந்த பின்னும் அதன் மதிப்புக் குன்றாது என்பதே அவர் நம்பிக்கையின் பொருள். அந்நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. அரசனை இழந்த நகரமாந்தர் சினந்து வழிமறிப்பதை அவர் பாடாமல் விடவில்லை.

இதற்கு நேர்மாறான வடிவில் அதே வினாவை எழுப்பும் நிகழ்வொன்று 1993இல் சிசிலியின் தலைநகரான பலேர்மோவில் நிகழ்ந்தது. அந்நகரில் ஈழத்தமிழர் பல பதிற்றாண்டுகளாக வாழ்கின்றனர். சைவரும் கத்தோலிக்கருமாக அவர்கள் பெல்லெகிரினோ மலையிலுள்ள புனித ரொசாலியா குகைக்கோயிலுக்கு ஏறிச் செல்கின்றனர். ஆகவே இவ்வொப்பீடு வலிந்து கொணர்ந்ததன்று.

பிரான்காச்சோ அந்நகரின் கிழக்குப்புறத்துப் பகுதி. செருப்புத் தைப்பவரின் மகனாக 1937 செப்டெம்பர் 15 அன்று அங்கே பிறந்த பீனோ புலீசி, 1990இல் அவ்விடத்துப் புனித கயெத்தானோ பங்கின் குருவாகத் திரும்பி வந்தார். கிராவியானோ சகோதரர் தலைமையிலான மாஃபியாவின் கைப்பிடியில் அப்பகுதி இருந்தது. அவர் கேட்டவை சிறியவை: ஒரு நடுநிலைப் பள்ளி, ஒரு மருத்துவ நிலையம், சீரான கழிவுநீர்க் கால்வாய். 1993 சனவரியில் சிறுவர்க்கும் வறியோர்க்குமாக ஒரு நிலையம் திறந்தார். இவற்றினும் மாஃபியாவை உறுத்தியது பிறிதொன்று எனலாம். திருவிழாக் குழுவில் முன்னிற்பது, காணிக்கை தருவது, பவனியில் நடப்பது என அவர்கள் அணிந்துவந்த பக்தி வேடத்தை அவர் ஏற்க மறுத்தார். மெய்ப்பொருள் நாயனார் இறுதிவரை காத்த அதனையே இவர் முதலிற் களைந்தார்.

ஆனால் ஆளை அவர் களையவில்லை. அச்சுறுத்தல்கள் வந்தன, அவரோடு நின்ற குடியிருப்பாளரின் வீட்டுக்கதவுகள் எரிக்கப்பட்டன. அதன் பின்னும் அவ்வாண்டுக் கோடையில், தம்மிடம் வந்து பேசுமாறு வன்முறையாளரை அவர் மறையுரையிலேயே அழைத்தார். தம் ஐம்பத்தாறாம் பிறந்தநாளன்று இரவு வீட்டுவாசலில் சுடப்பட்டார். வழிப்பறி போலத் தோன்றுமாறு அவர் கைப்பை எடுத்துச் செல்லப்பட்டது. சுட்ட சல்வத்தோரே கிரிகோலி, அவர் தம்மைக் கண்டு முறுவலித்ததாகவும், எதிர்பார்த்திருந்ததாகச் சொன்னதாகவும் பின்னர்ச் சாட்சியமளித்தார்.

இங்கே எக்காட்சியும் அருளப்படவில்லை. சேக்கிழாருக்குக் கிட்டிய முடிவு இவ்வரலாற்றை எழுதுவோருக்குக் கிட்டாது. கிட்டியதுபோல் எழுதுவோர் வரலாற்றைக் கெடுக்கின்றனர். நம்பிக்கை என்பது காக்கப்படுவோம் என்னும் எதிர்பார்ப்பன்று என்பதை நாயனார் புராணம் குறிப்பாற் சொல்ல, பிரான்காச்சோ வெளிப்படையாகச் சொல்கிறது. காக்கப்படமாட்டோம் என்று தெரிந்தே அவர் அழைப்பை மீட்டுக்கொள்ளாதிருந்தார்.

இம்மரணத்தை மறைச்சாட்சியம் எனலாமா என்னும் வினா திருச்சபைக்குள்ளும் எழுந்தது. கொன்றோர் திருமுழுக்குப் பெற்றவர்கள். நம்பிக்கையின்மேல் வெறுப்பால் கொன்றார்கள் என்பது எவ்வாறு பொருந்தும்? பள்ளியும் கால்வாயும் கேட்டமை சமயச் செயலா? 2012 சூன் 28 அன்று அவ்வாறே எனத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஏற்றார். அதே நாளில் ஏற்கப்பட்ட மற்றொருவர் தமிழாய்வாளர் நன்கறிந்த நட்டாலம் தேவசகாயம் பிள்ளை. 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டவர் அவர். அவர் தண்டனைக்குக் காரணம் அரசத்துரோகமா, சமயமாற்றமா என்பதும் வழக்காடப்பட்டதே. இருவர் வழக்கிலும் கொன்றோர் தம் செயலுக்குச் சூட்டிய பெயர் வேறாகவே இருந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய்தல் தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வுக்குப் பயன்தரும்.

நகரெல்லை கடந்த முத்தநாதன் என்னவானான் என்பதைச் சேக்கிழார் பாடவில்லை. அவர் நோக்கம் அடியாரோடு முடிகிறது. பலேர்மோவில் கொலைஞரின் கதை தொடர்கிறது. கிரிகோலி 1997இல் கைதாகி உண்மைகளை வெளியிட்டார். அன்று உடனிருந்த கஸ்பாரே ஸ்பதுத்சாவும் அவ்வாண்டே கைதாகி, சிறையில் மனந்திரும்பி, 2008இல் வாய்திறந்தார். நீதிபதி போர்செல்லீனோ 1992இல் குண்டுவெடிப்பிற் கொல்லப்பட்ட வழக்கில் பொய்ச்சாட்சியத்தால் ஆயுள்தண்டனை பெற்றிருந்தோர், அவருடைய வாக்குமூலத்தின் விளைவாக 2011இல் சிறைமீண்டனர்.