வன்னி: ஒரு பெயரும் அதன் சமூகப் பொருளும்

வன்னி என்பது ஒரு மரத்தின் பெயர். நெருப்பைக் குறிக்கும் சொல். ஈழத்தின் நிலப்பரப்பொன்றின் பெயர். ஆட்சித் தலைவர் தாங்கிய பட்டம். தமிழகத்திலே வன்னியர் என்னும் பெருஞ்சாதிப் பெயரின் அடி. இவை யாவற்றுக்கும் ஒரே வேரைத் தேடும் முயற்சியை நாம் ஐயத்துடன் நோக்கவேண்டியுள்ளது.

‘வஹ்நி’ என்னும் வடசொல்லிலிருந்து வன்னியரை நெருப்பிற் பிறந்தோராகக் கொள்ளும் விளக்கம் புராணச் சார்புடையது. அது செல்வாக்குப் பெற்றதன் காரணம் சமூகத் தேவையாகும். தமிழகத்திற் பள்ளி எனப்பட்டோர் 1871 முதலாகக் குடிசனக் கணக்கெடுப்பில் உயர்ந்த நிலை கோரினர். 1931 இல் பழைய பெயர் கைவிடப்பட்டது. இழிவை மறுக்கும் வேட்கை அதில் உண்டு. ஆயினும் அது சாதிப் படிநிலையைத் தகர்க்க முனையவில்லை. அதனுள்ளே மேலானதோர் இடத்தையே வேண்டிநின்றது.

‘வனம்’ என்பதன் வழிவந்ததெனும் விளக்கம் ஈழத்து நிலவியல்புக்குப் பொருந்துவது. குருநாகல் மாவட்டத்து வன்னி ஹத்பத்துவும், வேடர் தம்மைக் குறிக்கும் ‘வன்னியல எத்தோ’ என்னும் தொடரும் இதற்கு அரணாவன. எனினும், காடு என்ற பொருள் மட்டும் பட்டத்தை விளக்கிவிடாது. சூளவம்சம் 13 ஆம் நூற்றாண்டுச் செய்திகளிலே வன்னிச் சிற்றரசரைக் குறிப்பிடுகின்றது. திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளிலும் வன்னிமைகள் நிலவின. றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலே கைலாய வன்னியனின் நாடு பேசப்படுகின்றது. பேரரசுகளின் எல்லைப்புறத்திலே, காட்டையும் குளத்தையும் ஆண்டு, சிலவேளை திறை செலுத்தியும் சிலவேளை மறுத்தும் நின்ற அதிகாரத்தையே இப்பெயர் சுட்டிற்று எனலாம். அடங்காப்பற்று என்ற மறுபெயரும் அதனையே உணர்த்தும். தமிழரிடையேயும் சிங்களவரிடையேயும் வழங்கிய இப்பெயரை ஓரினத்தின் தனியுடைமையாக்குதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

இங்கே ஒரு குறைபாட்டையும் சுட்டவேண்டும். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன் போற்றப்படுமளவுக்கு, குளங்கட்டி வயல் செய்த குடிகள் ஆராயப்படவில்லை. வேர்ச்சொல் ஆய்வு தலைவரோடு நின்றுவிடுகின்றது. பெயரோ நின்றுவிடவில்லை. வன்னித் தேர்தல் மாவட்டத்திலே கிளிநொச்சி அடங்காது. ஆயினும் அங்குள்ளோரையும் வன்னி மக்கள் என்றே வழங்குகிறோம். 2009 இன் பேரழிவுக்குப் பின்னர் அத்தொடர் நிலமும் உறவும் இழந்த சாதாரண மனிதரையே முதலில் நினைவூட்டுகின்றது. ஆண்டோரின் பட்டம் உழைப்போரின் பெயராகியுள்ளது. இம்மாற்றத்தை எந்த அகராதியும் தனித்து விளக்கமாட்டாது. சமூக வரலாறே விளக்கவேண்டும்.